மூன்றாவது இடைவெளி

சனிக்கிழமை மதியம் இரண்டேகால் பஸ்ஸில் பெட்டி வரும், திங்கள் காலை பஸ்ஸில் திரும்பிப் போகும். செருப்புப் பெட்டி அளவுதான். உள்ளே நான்கு டிஸ்க், ஒரு நேரத்தாள். தலைநகரத்தில் ஒரு கம்பெனி அதைத் தயார்செய்து, எங்களுடையதைப் போன்ற எழுபது சின்ன ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எழுபது ஊரிலும் ஒரே ஆள் பேசுவார். அந்த வாரத்தின் நாற்பதாவது பாட்டில் தொடங்கி, மத்தியானம் இரண்டு மணிக்கு முதலாவது பாட்டில் முடிப்பார். எங்கள் ஊரில் அவருக்கு நாற்பதார் என்று பேர். முகம் தெரியாத மனிதர். முதலிடம் எந்தப் பாட்டுக்கு என்று டீ பந்தயம் கட்டித் தோற்றவர்கள் அவரைச் சொந்தச் சித்தப்பாவைத் திட்டுவதுபோலத் திட்டுவார்கள்.

நிலையம் டயர் கடை மாடியில் இருந்தது. ஏறிப்போக இரும்புப் படி, இரண்டு அறை, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. குவாரியிலிருந்து வரும் வெள்ளைத் தூசி ராத்திரியில் எல்லாவற்றின்மேலும் படிந்துவிடும். காலையில் வந்ததும் ஈரத்துணியால் பிளேயரைத் துடைப்பதுதான் முதல் வேலை. கரண்ட் போனால் கீழே போய் டீசல் இன்ஜினைக் கயிறு சுற்றி இழுக்க வேண்டும். என் குரலைக் கேட்டு முதலாளி என்னை வேலைக்கு எடுக்கவில்லை. இன்ஜினை இழுத்துக் காட்டச் சொன்னார். ஒரே இழுப்பில் ஓடியது. "நாளையிலேருந்து வா" என்றார். வாசிக்கத் தெரியுமா என்று மறுநாள்தான் கேட்டார்.

நாற்பதாரின் நிகழ்ச்சியில் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிட இடைவெளி உண்டு. ஐம்பதாவது நிமிடத்தில் தொடங்கும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் ஒரு நேயரின் கடிதத்தைப் படித்து, அவர் கேட்ட பாட்டைப் போடுவார். ஆனால் நேரத்தாளில் பக்கத்திலேயே எழுதியிருக்கும்: நிலையங்கள் விரும்பினால் இங்கே சொந்த விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். எங்கள் முதலாளி நான்கு இடைவெளியையும் குவாரிக்காரருக்கு மொத்தமாக விற்றிருந்தார். முதல் ஒரு நிமிடம் அந்த வாரத்து வெடி நேரத்தை நான் மைக்கில் வாசிப்பேன். மீதி நான்கு நிமிடம் குவாரியின் கேசட் ஓடும். ஜல்லி, கல்தூள், லோடு வண்டி, மேனேஜரின் சொந்தக் குரலில் ஒரு வணக்கம். அதற்குள் டிஸ்க் சத்தமில்லாமல் தன் பாட்டுக்கு ஓடி முடிந்திருக்கும்.

ஆகவே எங்கள் ஊரில் யாரும் அந்தக் கடிதங்களைக் கேட்டது கிடையாது. நான் மட்டும் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு டிஸ்கையும் முழுசாக ஓட்டி, கீறல் இருக்கிறதா என்று ஹெட்போனில் பார்க்க வேண்டியது என் வேலை. ஆறு வருஷத்தில் ஆயிரத்துக்குமேல் கடிதம் கேட்டிருப்பேன். பிரிந்துபோன கணவன், ஓடிப்போன தங்கை, செத்துப்போன நாய். கேட்டுவிட்டு, கீறல் இல்லை என்று தாளில் டிக் போட்டு வீட்டுக்குப் போவேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது டிஸ்கை ஓட்டும்போது நான் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாற்பதார் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். எழுதியவர் தன் பேரையோ ஊரையோ சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார் என்றார்.

"நான் முன்பு ஒரு கல்குவாரியில் விசில் ஊதுகிற வேலை பார்த்தேன். வெடிக்கு முன்னால் பள்ளத்தைச் சுற்றி நடந்து, ஆள் இல்லை என்று பார்த்து, மூன்று தடவை ஊதிவிட்டு, அதன் பிறகுதான் சிவப்புக் கொடியை இறக்க வேண்டும். வெடிக்காரருக்குக் காது மந்தம். அவர் கொடியைத்தான் பார்ப்பார், அது இறங்கியதும் வெடியைக் கொளுத்துவார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் நிகழ்ச்சியில் முதலிடப் பாட்டு வருகிற நேரம். டீக் கொட்டகையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து போக மனசு வரவில்லை. நான் நடக்கவில்லை, ஊதவில்லை. கொட்டகை வாசலில் நின்றபடியே கொடியை இறக்கினேன். கீழே துளை போடுகிறவர் மிஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். விசாரணையில் நான் கொடியை இறக்கவே இல்லை என்று சொன்னேன். விசில் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை என்பதால் எல்லோரும் என்னை நம்பினார்கள். அந்த வெடிக்காரர் ஞாயிறு தோறும் உங்களைக் கேட்பவர். அன்றைக்கு முதலிடத்தில் இருந்த பாட்டை அவருக்காகப் போடுங்கள்."

என் கையில் துணி அப்படியே இருந்தது. டிஸ்கைப் பின்னால் தள்ளி இன்னொரு தடவை கேட்டேன்.

அந்த வெடிக்காரர் என் அப்பா.

விசில் இல்லாமல் வெடி வைத்தவர் என்றால் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். குவாரி அவரை வெளியே அனுப்பியது. வேறு குவாரி எதுவும் சேர்க்கவில்லை. பதினெட்டு வருஷம் வெடிமருந்து இடித்த கை, எட்டு வருஷமாகச் செங்கல் சூளையில் சுடாத பச்சைக்கல் அடுக்கியது. செத்துப்போன துளைக்காரரின் மனைவி லாரித் தார்ப்பாய் தைக்கிற அக்கா. அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவள், அப்பாவை வாய் நிறைய அண்ணே என்பாள். அந்த முதல் வருஷம் எங்கள் வாசலில் நின்று "யோவ், வெளிய வாய்யா" என்று கத்தினாள். அப்பா வெளியே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் ஓயும்வரை நின்றார். பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். அப்பா ஊரில் பேசுவதை நிறுத்திவிட்டார். அந்தச் சாவுக்கு அப்புறம்தான் வெடி நேரத்தை ரேடியோவில் சொல்ல வேண்டும் என்று குவாரிக்கு உத்தரவு வந்தது. அதைச் சாக்காக வைத்துத்தான் இடைவெளி நான்கையும் குவாரி பிடித்துக்கொண்டது. விசில்காரன் ஊரைவிட்டுப் போன பிறகு நடந்தது இது. தன் கடிதத்தை ஊரே கேட்கும் என்று நினைத்துத்தான் அவன் எழுதியிருப்பான்.

முதலாளியிடம் கேட்கலாமா என்று பார்த்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மாடி வாடகை, டீசல் எல்லாம் குவாரியால் ஓடுகிறது. கேட்டால் டிஸ்கைப் பூட்டி வைத்துவிடுவார். கேட்கவில்லை.

வீட்டில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை சிவப்பு மண். இந்த வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிறு நான்கு மணி நேரமும் வலது காதை ரேடியோவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐம்பதாவது நிமிடம் வந்ததும் கட்டென்று அணைப்பார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுவார். குவாரிக்காரன் பேரைக் கேட்கப் பிடிக்காமல் செய்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"ப்பா, நாளைக்கு மூணாவது இடைவெளிக்கு மட்டும் அணைக்காதீங்க."

"ஏன், அவன் ஜல்லிக்குப் பல்லு முளைச்சிருக்கா?"

"சும்மா கேளுங்களேன்."

"சும்மா கேக்கறதுக்கு நான் என்ன அவன் மாமனா?"

அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொல்லிவிட்டு, நாளைக்குப் போட முடியாமல் போனால் அவர் என்ன ஆவார்? சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

ஞாயிறு காலை, முதல் இரண்டு இடைவெளியும் எப்போதும்போல நடந்தன. வெடி நேரம் வாசித்தேன். கேசட் ஓடியது. பன்னிரண்டே முக்காலுக்கு எனக்கு வியர்த்தது. ஐம்பதாவது நிமிடம் வந்தது. டிஸ்கின் சத்தத்தைக் குறைக்க வேண்டிய கை குறைக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

நாற்பதார் படித்தார். கடிதம் முடிந்து பாட்டு ஆரம்பித்தது. பாதிப் பாட்டில் டெலிபோன் அடித்தது. எடுக்கவில்லை. பாட்டு முழுசாக முடிந்ததும் மைக்கைத் திறந்து வெடி நேரத்தை வாசித்தேன். கேசட்டை விடலாம். வெடி நேரத்தை விட என்னால் ஆகாது. வடக்குப் பள்ளம் திங்கள், புதன், காலை பதினொன்று. மேற்குப் பள்ளம் வெள்ளி, மாலை நான்கு. மூன்று விசிலுக்குப் பிறகு யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. தாளில் எழுதியிருந்தது அது. எத்தனையோ தடவை வாசித்ததுதான். அன்றைக்கு விசில் என்ற சொல்லை மறுபடி ஒரு தடவை வாசித்தேன். 

ஒன்றேகால் மணிக்கு முதலாளி இரும்புப் படியில் ஏறிவரும் சத்தம் கேட்டது. சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தார். கையில் பருக்கை காய்ந்திருந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? மேனேஜர் என் வீட்டுக்கே போன் போட்டுட்டான்."

"கேசட் போடல. வெடி நேரம் வாசிச்சுட்டேன்."

"அது எனக்கும் கேட்டுச்சு. எனக்குக் காது இருக்கு. ஏன் போடல?"

"கடிதம் எங்கப்பாவைப் பத்தினது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒலி மிக்சரில் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற முள்ளையே பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் அம்மா செத்தபோது இன்ஜினைத் தானே இழுத்துக்கொண்டு எனக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தவர்.

"நியாயம் உன் பக்கமே இருக்கட்டும்" என்றார். "நாளைக்கு டீசலுக்கு நான் யார் வீட்டுக் கதவைத் தட்டறது? விட்டுப்போன கேசட்டையும் சேர்த்துக் கடைசி இடைவெளியில ரெண்டு தடவை போடு. மேனேஜர் அதுதான் கேக்கறான்."

"ரெண்டு தடவை போட்டா முதலாவது பாட்டுக்கு நேரம் இருக்காதுங்க. ரெண்டு மணிக்குச் செய்தி தானா எடுத்துக்கும்."

"பாட்டு போனா போகட்டும். பாட்டா எனக்கு டீசல் ஊத்துது?"

போட்டேன். ஜல்லி, கல்தூள், லோடு வண்டி, வணக்கம். மறுபடியும் ஜல்லி, கல்தூள், லோடு வண்டி, வணக்கம். நிறுத்தி வைத்த டிஸ்கை மறுபடி ஓட்டினேன். நாற்பதார் வந்து, "இந்த வாரம் முதலிடத்தைப் பிடித்திருக்கும் பாடல்" என்று மூச்சை இழுத்தார். தலைநகரத்துச் செய்தியின் மணி அடித்துவிட்டது.

அதற்குப் பிறகு டெலிபோன் ஓயவில்லை. எட்டு வருஷ விஷயம் ரேடியோவில் வெளியாகியிருக்கிறது, ஒருவராவது அதைப் பற்றிக் கேட்பார் என்று எடுத்தேன்.

"நம்பர் ஒன்னு என்ன பாட்டும்மா? இங்க ஆறு பேர் அடிச்சுக்கறாங்க."

"ஒரு பாட்டு உருப்படியாப் போடத் தெரியாதா உங்களுக்கு?"

"வணக்கத்தை ரெண்டு தடவை சொன்னானே உங்க மேனேஜர், வீட்டுல பொண்ணு பாக்கறாங்களா?"

பதினான்கு பேர். ஒருவர்கூடக் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை. ஊர் எங்கே என்று சொல்லாத கடிதம்தான். அதற்காகத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். அன்றைக்கு விசாரணையில் அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஐந்தாறு பேர் குரல் அந்தப் பதினான்கில் இருந்தது.

முதலாளி அப்போதே சாவியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. "காலையில பெட்டியை பஸ்ல ஏத்திட்டு, சாவியை டயர் கடையில கொடுத்துடு" என்று மட்டும் சொன்னார். வேலை போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது எங்கள் வாசலில் தார்ப்பாய் தைக்கிற அக்கா நின்றுகொண்டிருந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். தடித்த ஊசி ஒன்று நூலோடு தோளில் துணியில் குத்தியிருந்தது. உள்ளே அப்பா ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்திருந்தார். முதலாவது பாட்டு வராததால் ரேடியோதான் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார். கடிதத்தைக் கேட்டிருந்தால் இப்படி ரேடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க மாட்டார். இவர் மூன்றாவது இடைவெளியைக் கேட்கவில்லை.

அவளைப் பார்த்ததும் அப்பா திருப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்கு வந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே மாதிரி தலையைக் குனிந்து நின்றார்.

"சொல்லும்மா" என்றார்.

 அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணே" என்றாள்.

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. மந்தக் காது பக்கம் அவள் நின்றிருந்தாள். கேட்கவில்லை போல. அவள் இந்தப் பக்கம் சுற்றி வந்து, நல்ல காதுக்கு நேராக, செவிடரிடம் பேசுவதுபோலப் பலமாகப் பேசினாள். பக்கத்து வீட்டில் சாமான் கழுவுகிற சத்தம் நின்றது.

"அண்ணே, கொடியை இறக்கினது அவன்தானாம். ரேடியோல சொல்லிட்டான். பாட்டு கேக்கற ஆசையில ஊதாம இறக்கினானாம்."

"அதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க."

"கொடி இறங்குச்சுன்னு சொன்னேன்."

"சொன்னீங்கண்ணே. நான்தான் கேக்கல."

அப்பாவின் கை சட்டைப் பொத்தானைத் தேடியது. அது போட்டுத்தான் இருந்தது. கழற்றி மறுபடி போட்டார். அவள் தோளிலிருந்த ஊசியைப் பிடுங்கி விரல்களுக்கு நடுவே உருட்டினாள். "மூணு தார்ப்பாய் பாக்கி கிடக்கு" என்று போய்விட்டாள். தெரு முனைவரை அவள் திரும்பவில்லை. தெருவில் நடந்தது அவள் ஒருத்திதான். இருந்தும் எட்டிப் பார்க்க நாலைந்து கதவு திறந்திருந்தது.

"ஏம்ப்பா அணைச்சீங்க? நான்தான் சொன்னேனே" என்றேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அவர் ரேடியோவின் மூடியைப் பொருத்தினார். மூன்று திருகாணியையும் முறுக்கிவிட்டுத்தான் பேசினார்.

"குவாரிக்காரன் பேரு எனக்குப் பெரிசில்ல. அவன் வெடியை நீ வாசிக்கறதை என்னால கேக்க முடியாது. ஆறு வருஷமா முடியல. சோறு போடற வேலையாச்சேன்னு உன்கிட்ட சொல்லல."

 நாளையிலிருந்து நான் வாசிக்க மாட்டேன் என்பதை அப்போது சொல்லவில்லை.

திங்கள் காலை ஐந்தரைக்கு நான் கிளம்பும்போது அப்பாவும் செருப்பைப் போட்டார். சூளைக்கு அந்த நேரத்தில் போக வேண்டியதில்லை. பின்னாலேயே வந்தார். இரும்புப் படியில் முதல் தடவையாக ஏறினார். ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்து ஏறினார், குவாரி ஏணியில் ஏறுகிறவர் அப்படித்தான் ஏறுவார். உள்ளே வந்து முட்டை அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"சத்தம் திரும்ப வராம இருக்க."

"குவாரிக்கு ஒட்டியிருக்கலாம்" என்றார்.

பெட்டியில் அடுக்கியிருந்த மூன்றாவது டிஸ்கை எடுத்துப் போட்டேன். ஹெட்போனை அவர் வலது காதுக்குச் சரியாக இழுத்து வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். ஐம்பதாவது நிமிடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். அவர் நின்றபடியே கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. முள் ஆடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் மேஜை ஓரத்தைப் பிடித்திருந்தது, நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு.

கடிதம் எங்கே முடியும் என்று எனக்கு மனப்பாடம். சரியாக அந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றினார்.

"பாட்டும் இருக்குப்பா. உங்களுக்காகக் கேட்டிருக்கான்."

"அந்தப் பாட்டு வேணாம்."

டிஸ்கை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். நேரத்தாளை மடித்து மேலே வைத்துக் கயிறு கட்டினேன். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை டயர் கடை ஷட்டருக்குக் கீழே தள்ளினேன்.

ஆறு மணி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. கண்டக்டர் ஆறு வருஷமாகப் பெட்டியை ஏற்றுகிறவர். அப்பாவைப் பார்த்தும் பார்க்காததுபோல என்னிடம் பேசினார்.

"என்னம்மா நேத்து இப்படிக் கவுத்துட்டீங்க? நம்பர் ஒன்னு எங்க போச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா பெட்டியை அவரிடம் நீட்டினார்.

"குவாரிக்காரன் தின்னுட்டான்" என்றார்.

கண்டக்டர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பெட்டியை வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கல்தூள் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.